காட்டுக்கோழிக் கலப்பினங்களில் கருவளக் குறைபாடு: காரணங்களும் காப்பு நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுக்கோழி இனங்களை வீட்டுக்கோழியோடும் காடேறிய கோழியோடும் இணைத்துப் பெறும் கலப்பினங்களில் கருவளம் பெரிதும் குறைகிறது. இக்குறைபாடு பெட்டைகளிடம் மிகுதியாகவும் சேவல்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது. அதற்கான மரபியல் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. முட்டை பொரியாமைக்குரிய பிற காரணங்களை அதிலிருந்து பிரித்தறியும் முறையையும், அரிய இனங்களின் காப்பில் இதற்குள்ள பொருளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: காட்டுக்கோழி, கலப்பினம், கருவளம், ஹால்டேன் விதி, பெகிசார், காடேறிய கோழி, பிற்கலப்பு.

முன்னுரை

சங்க இலக்கியம் 'கானங்கோழி' எனச் சுட்டும் பறவையும் ஊர்ப்புறத்தில் மேயும் கோழியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உருவிலும் குரலிலும் நெருங்கியிருப்பதால் இரண்டையும் இணைசேர்க்கும் முயற்சி பல நாடுகளில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. சிலர் குரலுக்காகவும் சிலர் இறகழகுக்காகவும் இதனை மேற்கொள்கின்றனர். அருகிவரும் இனத்தைப் பெருக்கலாம் என்ற நம்பிக்கையும் சிலரிடம் உண்டு. இம்முயற்சிகளில் முதற்கலப்புக் குஞ்சுகள் நன்கு வளர்ந்து பருவமெய்துகின்றன. ஆனால் அவற்றை மீண்டும் இணைசேர்க்கும்போது பெட்டை முட்டையிடுவதில்லை. இட்டாலும் முட்டை பொரிப்பதில்லை. இந்நிலை வளர்ப்புக் குறையால் நேர்வதா, இனங்களுக்கிடையே உள்ள இயற்கைத் தடையால் நேர்வதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலஸ் பேரினமும் அதன் நான்கு இனங்களும்

காலஸ் என்னும் பேரினத்தில் நான்கு இனங்கள் இன்று வாழ்கின்றன. சிவப்புக் காட்டுக்கோழி வட இந்தியா, வடகிழக்கு இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ளது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை இதுவே. சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கு உரியது; மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. இலங்கைக் காட்டுக்கோழி அத்தீவில் மட்டுமே வாழ்வது. அந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. பச்சைக் காட்டுக்கோழி ஜாவா, பாலி, லொம்பொக், புளோரஸ் முதலிய இந்தோனேசியத் தீவுகளுக்கு உரியது.

இவற்றின் சேவல்களைக் கண்ணால் வேறுபடுத்தி அறியலாம். சாம்பல் சேவலின் கழுத்து இறகு நுனிகளில் மெழுகுபோன்ற மஞ்சள், வெண்மைப் புள்ளிகள் உண்டு. இலங்கைச் சேவலின் சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். பச்சைச் சேவலின் கொண்டையில் பற்போன்ற வெட்டுகள் இல்லை. தாடி இரண்டாக அன்றி ஒன்றாகவே தொங்கும். வீட்டுக்கோழியோடு இணையும் காட்டுக்கோழி எந்த இனத்தது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைவதால், வளர்ப்பவர் முதலில் தெளிய வேண்டியது இவ்வினவேறுபாடாகும்.

சிவப்புக் காட்டுக்கோழியும் வீட்டுக்கோழியும் ஓரினத்தின் இரு நிலைகள். ஆகவே அவற்றின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கருவளத்தோடு பெருகும். மற்ற மூன்று இனங்களோடு வீட்டுக்கோழி இணையும்போதுதான் உண்மையான இனக்கலப்பும் அதன் சிக்கல்களும் தோன்றுகின்றன.

'கூமுட்டை' என்ற சொல்லில் அடங்கும் மூன்று நிலைகள்

அடைவைத்துப் பொரியாத முட்டை அனைத்தையும் கூமுட்டை என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். ஆனால் பொரியாமை மூன்று வேறு நிலைகளில் நேரலாம். முதலாவது, விந்தணு சேராமையால் முட்டை கருவுறாமலே இருப்பது. இரண்டாவது, கருவுற்ற முட்டையில் கரு வளரத் தொடங்கி இடையில் இறப்பது. மூன்றாவது, குஞ்சு முழுமையாக வளர்ந்தும் ஓட்டை உடைத்து வெளிவர இயலாமல் போவது. இம்மூன்றுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. இவற்றைப் பிரிக்காமல் கலப்பினம் 'மலடு' என்று முடிவுசெய்வது பிழையாக முடியும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்று ஒன்று டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிற்பதிப்புகளில் உள்ளது. சால்ட்டர் என்பவர் காலஸ் பேரினத்தின் மூன்று இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் பலவாறாக இணைத்துப் பெற்ற ஏறத்தாழ 500 முட்டைகளை ஆராய்ந்த செய்தியை டார்வின் அங்கு எடுத்துரைக்கிறார். அம்முட்டைகளுள் பெரும்பான்மையானவை கருவுற்றிருந்தன. கருவுற்றவற்றுள் பெரும்பாலானவற்றில் கரு பாதி வளர்ந்து இறந்திருந்தது; அல்லது முழுவளர்ச்சியை நெருங்கியும் குஞ்சு ஓட்டை உடைக்க இயலாதிருந்தது. வெளிவந்த குஞ்சுகளுள்ளும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை வெளிப்படையான காரணமின்றிச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ மடிந்தன. இறுதியில் வளர்ந்தவை 12 மட்டுமே. அதாவது நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை.

இச்செய்தியிலிருந்து பெறத்தக்க உண்மை ஒன்றுண்டு. இனங்களுக்கிடையேயான தடை கருவுறுதலில் மட்டும் செயற்படுவதில்லை. கருவளர்ச்சியிலும் குஞ்சின் உயிர்வாழ்விலும் அது தொடர்ந்து செயற்படுகிறது. எனவே கருவுற்ற முட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கலப்பின் வெற்றியை அளவிட இயலாது.

ஹால்டேன் விதியும் பறவைகளும்

இனக்கலப்பில் ஒருபால் மட்டும் பிறவாமலோ, அரிதாகவோ, மலடாகவோ அமையுமானால் அப்பால் இருவேறு பால்குரோமோசோம்களை உடையதாக இருக்கும் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் 1922ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த இவ்வறிஞரின் பெயராலேயே அது ஹால்டேன் விதி எனப்படுகிறது.

பாலூட்டிகளில் ஆணுக்கே எக்ஸ், ஒய் என இருவேறு பால்குரோமோசோம்கள் உள்ளன. பறவைகளில் இவ்வமைப்பு தலைகீழானது. சேவலுக்கு இசட், இசட் என ஒத்த இணையும், பெட்டைக்கு இசட், டபிள்யூ என ஒவ்வாத இணையும் உள்ளன. ஆகவே கோழிக்கலப்பில் குறைபாட்டை முதலில் தாங்குவது பெட்டையே ஆகும்.

இதற்கான காரணத்தைப் பின்வருமாறு விளக்கலாம். நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த இரண்டு இனங்களில் மரபணுக்கள் தனித்தனியே மாறுகின்றன. ஓரினத்தின் மாற்றம் அவ்வினத்தின் பிற மரபணுக்களோடு ஒத்திசையும்; மற்றோர் இனத்தின் மரபணுவைச் சந்திக்கும்போது முரண்படலாம். அம்முரண்பாட்டுக்குக் காரணமான மரபணு ஒடுங்கிய தன்மையுடையதாயின், சேவலிடம் உள்ள மற்றோர் இசட் குரோமோசோம் அதனை மறைத்துவிடும். பெட்டையிடம் இருப்பது ஒரே இசட். மறைப்பதற்கு இணை இல்லாமையால் முரண்பாடு முழுமையாக வெளிப்படுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. பெட்டைக்குஞ்சு தன் இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்தும், டபிள்யூ குரோமோசோமையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாயிடமிருந்தும் பெறுகிறது. காட்டுச்சேவலுக்கும் வீட்டுப்பெட்டைக்கும் பிறக்கும் மகளிடம் இசட் காட்டினத்தது. டபிள்யூவும் மைட்டோகாண்ட்ரியாவும் வீட்டினத்தவை. இணையை மாற்றி அமைத்தால் இந்நிலையும் மாறும். ஒரே இரண்டு இனங்களைக் கொண்டு செய்யும் கலப்பில், எது தந்தை எது தாய் என்பதற்கேற்ப விளைவு வேறுபடக்கூடியது இதனாலேயே.

கலப்பின மலட்டுத்தன்மைக்குக் கோவேறு கழுதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். குதிரைக்கு 64, கழுதைக்கு 62 குரோமோசோம்கள் இருப்பதால் அவற்றின் கலப்புக்கு 63 அமைகிறது. இணைசேர இயலாத அவ்வெண்ணே அங்குப் பெருந்தடையாகிறது. காட்டுக்கோழிகளின் நிலை இதுவன்று. வீட்டுக்கோழிக்குரிய 78 என்னும் எண்ணிக்கையே பிற காட்டுக்கோழி இனங்களுக்கும் உரியது. இங்குத் தடை எண்ணில் இல்லை. மரபணுக்களின் ஒவ்வாமையில் உள்ளது. அதனால்தான் அது முழுத்தடையாக அமையாமல், பாலுக்குப் பாலும் பறவைக்குப் பறவையும் வேறுபடும் தடையாக அமைகிறது.

பெகிசார்: ஒரு தலைமுறைக் கலப்பு

இவ்விதிக்கு வாழும் சான்றாக விளங்குவது இந்தோனேசியாவின் பெகிசார் ஆகும். பச்சைக் காட்டுச்சேவலை வீட்டுப்பெட்டையோடு இணைத்துப் பெறும் முதற்கலப்பே இப்பெயர் பெறுகிறது. சேவலின் தனித்த கூவலுக்காக அது பெரிதும் மதிக்கப்படுகிறது, கூவற்போட்டிகளும் நடத்தப்பெறுகின்றன. கிழக்கு ஜாவா மாநிலம் இதனைத் தன் அடையாள உயிரினமாகக் கொண்டுள்ளது.

பெகிசார் பெட்டை பெரும்பாலும் மலடு, முட்டையிடுவதே அரிது. சேவலோ ஓரளவு கருவளம் உடையது. ஆதலால் பெகிசாரைப் பெகிசாரோடு இணைத்து ஒரு நிலையான இனமாக வளர்த்தெடுக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் பச்சைக் காட்டுச்சேவல் ஒன்று தேவைப்படுகிறது. கலப்பினத்தின் விலை உயருந்தோறும் காட்டிலிருந்து சேவல் பிடிக்கும் தூண்டுதலும் உயர்வதற்கு இதுவே அடிப்படை. கருவளக் குறைபாடு என்னும் உயிரியல் செய்தி, காட்டின் மீதான அழுத்தம் என்னும் சமூகச் செய்தியாக இங்கு மாறுகிறது.

சாம்பல் காட்டுக்கோழியும் பகுதித்தடையும்

சாம்பல் காட்டுக்கோழியின் நிலை இதனினும் நுட்பமானது. இதன் கழுத்து இறகுகள் தூண்டில்மீன் பிடிப்போர் செய்யும் செயற்கைப் பூச்சிகளுக்குப் பெரிதும் வேண்டப்பட்டமையால், மேலைநாடுகளில் இது வளர்ப்புநிலையிலும் பேணப்பட்டது. வளர்ப்புநிலையில் சிவப்பு, சாம்பல் காட்டுக்கோழிகளுக்கிடையே இனத்தடை தகர்வது குறித்து மோர்ஜான் 1968இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். இயற்கையில் வாழிடமும் நடத்தையும் பிரித்துவைத்த பறவைகளை ஒரே அடைப்பில் விடும்போது அத்தடைகள் நெகிழ்கின்றன.

டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்கோழி சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே தோன்றியது என வாதிட்டார். பிற இனங்களோடு பெறும் கலப்புகள் பெரும்பாலும் மலடாக இருப்பதை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டார். ஆனால் 2008இல் எரிக்சன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என நிறுவியது. கரோட்டினாய்டு நிறமிகளைச் சிதைக்கும் நொதியோடு தொடர்புடைய மரபணு அது. மஞ்சள் கால்களையுடைய கோழிகள் உலகெங்கும் பரவியிருப்பதைக் கருதினால், பழங்காலத்தில் எங்கோ நிகழ்ந்த கலப்பின் வழித்தோன்றல்கள் முற்றிலும் மலடாகிவிடவில்லை என்பது விளங்கும். டார்வினின் முதன்மை முடிவு நிலைத்தது. தடை முழுமையானது என்ற கருத்து மட்டும் திருத்தம் பெற்றது.

காடேறிய கோழிகளின் எதிர்நிலை

வீட்டிலிருந்து தப்பி, மனிதர் உதவியின்றித் தாமே பெருகும் கோழிகளை இக்கட்டுரை காடேறிய கோழிகள் எனக் குறிக்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் உள்ளவை இவற்றுள் நன்கு ஆராயப்பட்டவை. பாலினீசியக் குடியேறிகள் கொணர்ந்த சிவப்புக் காட்டுக்கோழி வழியினவும், பின்னாளில் வந்த வீட்டுக்கோழி வழியினவும் அங்குக் கலந்துள்ளன என்பதைக் கெரிங் முதலானோர் 2015இல் மரபணுச் சான்றுகளோடு காட்டினர். 1982, 1992 ஆண்டுகளின் சூறாவளிகளில் கூண்டுகள் சிதைந்து கோழிகள் தப்பியதை உள்ளூர் மக்கள் இப்பெருக்கத்துக்குக் காரணமாகக் கூறுகின்றனர்.

இங்குச் சிக்கல் நேர்மாறானது. இரு தரப்பும் ஓரினமாதலின் கலப்புக்குத் தடையே இல்லை. வீட்டுக்கோழியின் மரபணுக்கள் காட்டுவழியினுள் தங்குதடையின்றிப் புகுகின்றன. ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழிக்கும் இதே இடர் உண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய உடல்களோடு இன்றைய பறவைகளை ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த ஆய்வு, காட்டு மரபு கடந்த நூற்றாண்டில் தேய்ந்து வருவதைக் காட்டியது.

சாம்பல், இலங்கை, பச்சைக் காட்டுக்கோழிகளோடு காடேறிய கோழியை இணைத்தால் அது இனக்கலப்பே ஆகும். காட்டில் திரிவதாலோ தோற்றம் காட்டுக்கோழியை ஒத்திருப்பதாலோ காடேறிய கோழிக்குக் கூடுதல் ஒவ்வுமை வருவதில்லை. மேலும், சிலவற்றிலிருந்து பெருகிய சிறு கூட்டமாயின் அகக்கலப்பின் தீமையும் சேர்ந்துகொள்ளும். உடன்பிறந்தவற்றை இணைத்தால் பிறக்கும் குஞ்சின் அகக்கலப்புக் கெழு 0.25 ஆகும். பொரிப்புவீதம் குறைவது அதன் முதல் அடையாளங்களுள் ஒன்று.

மலட்டுத்தன்மையைப் பிரித்தறிதல்

ஒரு பறவை மலடு என்று முடிவுசெய்யும் முன் பிற காரணங்களை நீக்க வேண்டும். அதற்கான நெறிமுறைகள் வருமாறு.

முதலாவது, பருவம். வீட்டுப்பெட்டை ஆண்டுமுழுவதும் முட்டையிடவல்லது. உயர்வகைகள் ஓராண்டில் 300 முட்டைகள் வரை இடும். காட்டுக்கோழியோ பருவத்துக்கு மட்டும் சில முட்டைகளை இடுவது. பகல்நீளத்துக்கு ஏற்ப இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்போடு தொடர்புடைய மரபணு ஒன்று வீட்டுக்கோழிகளில் வலுவான தெரிவுக்கு உட்பட்டிருப்பதை 2010இல் வெளிவந்த மரபுத்தொகுதி ஆய்வு காட்டியது. பருவம் முடிந்த காட்டுச்சேவல் கழுத்து இறகுகளை உதிர்த்து மங்கலான இறகு பெறும். அக்காலத்தில் விந்து உற்பத்தியும் ஒடுங்கும். அப்போது கிடைக்கும் கருவுறா முட்டைகளைக் கொண்டு சேவலை மலடென்பது தவறு.

இரண்டாவது, தந்தைவழி உறுதி. பெட்டையின் முட்டைக்குழாயில் விந்தணுவைச் சேமிக்கும் நுண்குழல்கள் உள்ளன. சேவலைப் பிரித்த பின்னரும் இரண்டு வாரங்கள், சிலவேளை மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகள் கிடைக்கலாம். ஆகவே பெட்டையை நான்கு வாரங்கள் தனியே வைத்த பின்னரே புதிய சேவலோடு சேர்க்க வேண்டும். இவ்விடைவெளி இல்லாமல் பெற்ற குஞ்சுகளைக் கலப்பினம் என்றோ, கலப்பினச் சேவலின் மக்கள் என்றோ கொள்ள இயலாது.

மூன்றாவது, முட்டைச் சோதனை. அடைவைத்த ஏழாம் நாளில் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், வளரும் கருவின் குருதிநாளங்கள் வலைபோலத் தெரியும். எதுவும் தெரியாத முட்டையை உடைத்துக் காண வேண்டும். கருவுறாததாயின் மஞ்சள் கருவின் மேல் ஒழுங்கற்ற சிறு வெண்புள்ளியே இருக்கும். தொடக்கத்திலேயே இறந்த கருவாயின் வளையமோ குருதிக்கறையோ தென்படும். 21 நாள்கள் கடந்தும் பொரியாதவற்றையும் உடைத்து, கரு இறந்த காலத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, சேவலின் விந்துச் சோதனை. வயிற்றையும் முதுகையும் தடவி விந்து சேகரிக்கும் முறையை பர்ரோஸ், குவின் இருவரும் 1930களில் உருவாக்கினர். நுண்ணோக்கியில் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் அசைவையும் காணலாம். விந்து நன்றாக இருந்தும் கருவுறுதல் நிகழவில்லையெனின், அச்சமோ நடத்தை வேறுபாடோ இணைசேர்தலைத் தடுத்திருக்கலாம்.

ஐந்தாவது, ஒப்பீடு. அதே பெட்டைகளைத் தம்மினச் சேவலோடு இணைத்து, அதே அடைப்பொறியில் அல்லது அதே அடைக்கோழியின் கீழ் முட்டைகளை வைத்துப் பார்க்க வேண்டும். அவை நன்கு பொரித்துக் கலப்பு முட்டைகள் மட்டும் பொரியாதிருந்தால்தான் குறை கலப்பில் உள்ளதெனத் துணியலாம். உணவுக்குறை, வெப்பமாறுபாடு, வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய்கள் ஆகியவை இரு தொகுதிகளையும் ஒருங்கே தாக்கும்.

பிற்கலப்பின் எல்லை

முதற்கலப்புச் சேவலை மூதாதை இனங்களுள் ஒன்றின் பெட்டையோடு இணைப்பது பிற்கலப்பு எனப்படும். காட்டினப் பெட்டையோடு தொடர்ந்து இணைத்தால் காட்டினப் பங்கு சராசரியாக 50, 75, 87.5, 93.75 விழுக்காடு எனத் தலைமுறைதோறும் உயரும். கருவளமும் படிப்படியாக மீளலாம். ஆனால் முதற்பிற்கலப்பில் பிறக்கும் பெட்டைகள் தந்தையிடமிருந்து எவ்வினத்து இசட் பகுதிகளைப் பெற்றன என்பது பறவைக்குப் பறவை வேறுபடும். உடன்பிறந்த இரண்டு பெட்டைகளுள் ஒன்று முட்டையிட, மற்றொன்று மலடாக இருப்பது இதனால் இயல்பே.

அரிய இனத்தைப் பெருக்கும் வழியாக இதனைக் கொள்வது பொருந்தாது. நான்கு தலைமுறைகளுக்குத் தேவையான தூய காட்டுப்பெட்டைகள் இருக்குமாயின், அவற்றைத் தூய சேவலோடு இணைத்தலே நேரிய வழி. கலப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு பருவமும் தூய குஞ்சுகள் பிறந்திருக்கக்கூடிய பருவமாகும். இந்தியாவில் காட்டுக்கோழிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றைக் காட்டிலிருந்து பிடித்து வளர்த்தல் குற்றமுமாகும்.

காப்பு நோக்கில் அரைத்தடையின் பொருள்

வளர்ப்பவர் குறையாகக் கருதும் மலட்டுத்தன்மை, காட்டினத்தின் நோக்கில் ஒரு வேலி. பச்சைக் காட்டுக்கோழியும் சாம்பல் காட்டுக்கோழியும் ஊரோரங்களில் வீட்டுக்கோழிகளை அடுத்து வாழ்ந்தும் தம் இயல்பை இழக்காதிருப்பதற்கு அவ்வேலியும் துணைசெய்கிறது. சிவப்புக் காட்டுக்கோழிக்கு அத்தகைய வேலி இல்லாமையால் அது கலப்பில் கரைந்து வருகிறது.

எனினும் அவ்வேலி பாதியே மூடியது. பெட்டைவழி அடைபட்டிருந்தாலும் சேவல்வழி திறந்துள்ளது. கூண்டிலிருந்து தப்பும் கலப்பினச் சேவல் ஒன்று காட்டுப்பெட்டைகளோடு இணைந்தால் வீட்டினத்தின் மரபணுக்கள் காட்டுக்குள் நுழைய முடியும். மலட்டுக் கலப்பினம் தீங்கற்றது என்ற எண்ணம் பெட்டைக்கே பொருந்தும். ஆகவே காட்டுக்கோழிகள் வாழும் பகுதியை அடுத்த ஊர்களில் கலப்பினச் சேவலைத் திறந்துவிடாமை, கலப்புக்குஞ்சுகளுக்குக் கால்வளையமிட்டுப் பதிவுசெய்தல், தூய இனமெனக் கைமாறாமல் காத்தல் ஆகியவை இன்றியமையாதன.

முடிவுரை

காட்டுக்கோழிக் கலப்பினங்களின் கருவளக் குறைபாடு பெரும்பாலும் மரபணு ஒவ்வாமையால் நேர்வது. ஹால்டேன் விதிக்கிணங்கப் பெட்டையிடம் மிகுந்து தோன்றுவது. கருவுறாமை, கருவிறப்பு, பொரிப்புத்தோல்வி ஆகிய மூன்றையும் வேறாகக் குறித்து, தம்மின இணைகளோடு ஒப்பிட்டால் மட்டுமே அதனை உறுதிப்படுத்தலாம். சிவப்புக் காட்டுக்கோழியோடும் காடேறிய கோழியோடும் வீட்டுக்கோழி தடையின்றிக் கலக்கிறது. பிற மூன்று இனங்களோடு அரைத்தடையுடன் கலக்கிறது. முன்னதில் கருவளமே இடர். பின்னதில் கருவளமின்மை ஓரளவு காப்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, கலப்பினச் சேவலைக் காட்டிலிருந்து விலக்கிவைப்பதும் தூய இணைகளைக் கலப்புக்குச் செலவிடாதிருப்பதும் வளர்ப்போரின் முதற்கடமைகளாகும்.